கேளுங்கள் அக்கா: பதினைந்து பேருக்கு எத்தனை தாள்?

மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். பதினைந்து குழந்தைகள் வருகிறார்கள். தொப்பி, தோரணம், தின்பண்டம் எல்லாமே வீட்டில்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இப்போது எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை அக்கா. (ஒரு அப்பா)

முதலில் கடைக்குப் போகாதீர்கள் தம்பி. உட்கார்ந்து எண்ணுங்கள். வீட்டு விருந்தில் காசு கரைவது விலையால் அல்ல, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு வாங்குவதால்தான்.

தொப்பியிலிருந்து ஆரம்பிப்போம். ஏ4 அளவில் கொஞ்சம் தடிமனான தாள் 15 போதும். தாளின் நீளப்பக்கத்து நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். பென்சிலில் நூல் கட்டி, 14.5 சென்டிமீட்டர் விட்டு, அந்தப் புள்ளியிலிருந்து அரைவட்டம் போடுங்கள். வெட்டிச் சுருட்டினால் கூம்பு. அரைவட்டத்தைச் சுருட்டும்போது, அதன் ஆரம் எவ்வளவோ அவ்வளவுதான் கூம்பின் வாய் அகலம் வரும். ஒட்டுவதற்கு 2 சென்டிமீட்டர் போனாலும் வாய் 14-க்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஆறு வயதுத் தலையின் உச்சியில் உட்கார அது சரியான அளவு.

இனி மிச்சத்தைப் பாருங்கள். அரைவட்டத்துக்குக் கீழே 6 சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள பட்டை ஒன்று நிற்கும். பலர் அதைக் கசக்கிப் போடுகிறார்கள், எனக்கு வயிறு எரியும். நீளவாக்கில் மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக்கினால் 6 துண்டு. 15 தாளுக்கு 90. ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் கோத்து ஒட்டினால் கிட்டத்தட்ட நாலு மீட்டர் சங்கிலித் தோரணம். தொப்பிக்கு வாங்கிய தாளிலேயே தோரணமும் வந்துவிட்டது.

பசைக்கு ஒரு பங்கு மைதா, நாலு பங்கு தண்ணீர். மாவை முதலில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, மீதித் தண்ணீரும் சேர்த்துச் சிறுதீயில் கிளறுங்கள். கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். ஓரிரு நாளில் புளித்துவிடும் என்பதால் முன்கூட்டியே காய்ச்சி வைக்க வேண்டாம்.

ஸ்டேப்ளர் அடிப்பதானால் பின்னின் கால்கள் வெளிப்பக்கம் வர வேண்டும், மேலே டேப் ஒட்ட வேண்டும். இதை நான் கற்றது என் மூத்தவன் தலையில். கேக் வெட்டும் நேரத்தில் ஓவென்று அழுதான், தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் கீறல். எலாஸ்டிக் கோக்க ஓட்டை போடும் இடத்திலும் முதலில் டேப், அப்புறம் ஓட்டை. இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே கிழியும்.

தின்பதற்கு பாப்கார்ன். 2 மேசைக்கரண்டி சோளம் பொரிந்தால் ஏறக்குறைய 4 கப் வரும். அரை கப் சோளம் உங்கள் பதினைந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு கப் கொடுத்து, உங்களுக்கும் ஒரு கப் மிச்சம் வைக்கும். பழைய சோளம் பொரியாமல் அடம் பிடித்தால் உள்ளேயிருக்கும் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஈரம் நீராவியாகித்தான் தோலை வெடிக்க வைக்கிறது. ஜாடியில் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடிக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். இன்னும் சின்னக் குழந்தைகள் யாராவது கூட வந்தால் அவர்களுக்கு மட்டும் பாப்கார்ன் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

முட்டை, வெண்ணெய் இல்லாமல் சோடாவும் வினிகரும் போட்டு சாக்லேட் கேக் செய்தேன். மாவைத் தட்டில் ஊற்றிவிட்டு, பலூன் ஊதும் வேலையை முடித்து, ஒரு மணி நேரம் கழித்து ஓவனில் வைத்தேன். செங்கல்லாக வந்தது. அளவு தப்பா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

அளவு தப்பில்லை, பலூன்தான் தப்பு! சோடாவும் வினிகரும் தொட்ட நொடியிலேயே கரியமில வாயு கிளம்பிவிடும். கேக்கைத் தூக்கி நிறுத்த வேண்டியது அந்தக் குமிழிகள்தான். நீங்கள் பலூனில் காற்று ஏற்றிக்கொண்டிருந்தபோது கேக்கிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

நான் போடும் அளவு இது: மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், கோக்கோ 3 மேசைக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றைச் சலித்துக் கலந்து வைத்துவிட்டால் எத்தனை பலூன் வேண்டுமானாலும் ஊதலாம். ஓவன் 180 டிகிரிக்குச் சூடான பிறகுதான் கால் கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு கப் தண்ணீர். உலர்ந்த மாவு கண்ணில் படாத வரை கிளறினால் போதும், அடித்துக் கலக்கினால் கேக் ரப்பராகும். உடனே உள்ளே வையுங்கள். அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள், அப்புறம் குச்சியால் குத்திப் பாருங்கள்.

கிரேப் காகிதப் பூக்களில் ஜூஸ் சிந்தி, வெள்ளை மேசைவிரிப்பு முழுக்கச் சிவப்பு. போகுமா?

உடனே குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்திருந்தால் ஓரளவு போயிருக்கும். காய்ந்துவிட்டது என்றால் நம்பிக்கை குறைவு. அதே காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்து, விரிப்பு முழுவதையும் சிவப்பாக்கிவிடுங்கள். என் வீட்டில் ஒரு விரிப்பு அப்படித்தான் பச்சையானது. தனியாகத் துவையுங்கள், சாயம் விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

செலவு குறைய டின் பயறுகளை விட்டுவிட்டு காய்ந்த ராஜ்மாவுக்கு மாறினேன். காலையில் ஸ்லோ குக்கரில் அப்படியே போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா அக்கா?

கூடாது. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் ஒரு நச்சுப் புரதம் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஸ்லோ குக்கரின் இளஞ்சூடு அதை அழிக்காது. இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அப்புறம் ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். மாறியது நல்ல முடிவுதான். ஒரு கப் காய்ந்த ராஜ்மா வெந்தால் இரண்டரை கப்புக்கும் மேல் வரும். விடுமுறை நாளில் மொத்தமாக வேகவைத்து, வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் காலை அவசரமே இல்லை.

கைவினைப் பொருள் வாங்கியே கடைத் தோரணத்தைவிட அதிகம் செலவாகிவிட்டது. கணவர் சிரிக்கிறார்.

சிரிக்கட்டும், இந்த முறை அவர் பக்கம்தான் நியாயம். பசைத் துப்பாக்கி, மினுமினுப்புத் தூள், பூ வடிவத்தில் வெட்டும் பஞ்ச் என்று ஒரே நாளுக்காக வாங்கினால் எந்தக் கணக்கும் தாங்காது. மினுமினுப்புத் தூளை நான் வீட்டுக்குள் விடுவதே இல்லை, அடுத்த பிறந்தநாள் வரை தலையணையில் கிடக்கும். வாங்கியது வாங்கியதுதான். அந்தத் துப்பாக்கியால் பிய்ந்து கிடக்கும் பொம்மைகளை ஒட்டுங்கள். முதலில் அவருடைய செருப்பு வாரை ஒட்டிக் கொடுங்கள்.