சகோதரிகள் கையெழுத்து இல்லாமல் வீடு வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள், பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய தெருவில், முன்னால் கடையும் பின்னால் வீடுமாக ஒரு பழைய கட்டடம் 62 லட்சத்துக்கு வந்திருக்கிறது. அப்பா இறந்தபின் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் விற்கிறார்கள். பட்டா அவர்கள் பெயரில் இருக்கிறது, முப்பது வருட வில்லங்கமும் சுத்தம். சகோதரிகள் இருவருக்கும் 1980களிலேயே கல்யாணமாகி நகை, சீர் எல்லாம் செய்தாயிற்று, அவர்கள் கையெழுத்து தேவையில்லை என்கிறார் புரோக்கர். கிரயம் முடிந்ததும் கடைக்காரர் காலி செய்துவிடுவாராம். இந்த வாரமே 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, இந்த வாரம் கொடுக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது நல்லதுதான். ஆனால் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் தெரியும். ஒருவர் இறந்த விவரமும், பதிவு செய்யாத உயிலும், சகோதரிகளுக்குச் சேர வேண்டிய பங்கும் அதில் ஏறாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவுதானே தவிர உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

புரோக்கர் சொல்வது முழுக்க அவர் கற்பனை இல்லை. தமிழ்நாடு 1989-ல் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தபோது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. அந்தப் பேச்சுதான் ஊரில் இன்னும் ஓடுகிறது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணத் தேதியைப் பார்க்காமல் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று ஆக்கியது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு; இருக்கிறதா என்று கேளுங்கள். இது அப்பா தானே சம்பாதித்த சொத்து, உயிலும் இல்லை என்றால் இந்த விவாதமே தேவையில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களிலும் மகளுக்குப் பங்கு உண்டு, கணக்குதான் மாறும். எந்தச் சட்டத்திலும் சீர் செய்ததைப் பங்கில் கழிப்பதில்லை.

ஆகவே தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்பே பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். அம்மா இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் அவர்களும்தான். சகோதரிகளில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் வருவார்கள். அதில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றதை அந்தப் பிள்ளை பதினெட்டு வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். சகோதரி மும்பையிலோ வேறு எங்கோ இருந்து வர முடியாவிட்டால், தான் குடியிருக்கும் ஊர் சார்பதிவாளர் முன் தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். பெரிய தலைவலி இல்லை. அதற்கும் மறுத்தால் காரணம் வேறு என்று அர்த்தம்.

டவுன், கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்கே வாங்குகிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மண் யாருடையது? மூலப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கி, கடைசிப் பக்கத்தில் உள்ள சொத்து விவரத்தை நிதானமாக வாசியுங்கள். ‘அடிமனை நீங்கலாக’ என்றோ ‘மேல்கட்டடம் மட்டும்’ என்றோ ஒரு வரி இருந்தால், உங்களுக்கு வருவது சுவரும் கூரையும்தான். மனை கோயிலுடையதாக இருந்து, அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் அது கைமாறியிருந்தால் அந்தக் கிரயம் செல்லாது. அப்படியே நான்கெல்லையையும் பாருங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரா, முடுக்கில், அதாவது பக்கத்துச் சின்னச் சந்தில், நடந்துபோகும் உரிமை (நடைபாதைப் பாத்தியம்) எழுதியிருக்கிறதா? பின்வாசலுக்குப் போக அந்த முடுக்கு ஒன்றுதான் வழி என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

கடைக்காரர் விஷயம் சுருக்கமாக. வீடு கைமாறினால் வாடகைதாரர் தானாக வெளியேற வேண்டியதில்லை. அவர் உங்கள் வாடகைதாரர் ஆகிவிடுவார். காலி செய்து சாவி கைக்கு வந்தபிறகே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவரையே வைத்துக்கொள்வதானால், அவர் கொடுத்த அட்வான்சை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம், வங்கி வழியாக. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு விடாதீர்கள். கையிருப்பைக் கணக்குப் போடும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 62 லட்சத்துக்கு 5,58,000 ரூபாய் தனியாக வையுங்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 62 லட்சத்தைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் கணக்கு. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீத வருமான வரியை நீங்களே பிடித்தம் செய்து கட்டிவிட்டு, மீதியைத்தான் விற்பவர்களிடம் கொடுக்க வேண்டும். இதை இப்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பதிவு அலுவலகத்தில் வைத்து முதல்முறை சொன்னால் சண்டை வரும்.