நனைந்தீர்களா, நனைத்தீர்களா?

மழை தொடங்கினாலே, தொப்பலாக நனைப்பதைச் சொல்லும் ‘டிரெஞ்ச்’ (drench) என்ற ஆங்கில வினையைப் பற்றி எனக்குக் கடிதங்கள் வந்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் அதுதான்.

‘ஐ டிரெஞ்ச்ட் இன் த ரெய்ன்’ என்று எழுதினேன். ஆசிரியர் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

ஆசிரியர் செய்தது சரி. நீங்கள் எழுதியது ‘மழையில் நனைந்தேன்’ அல்ல, ‘மழையில் நனைத்தேன்’. யாரை நனைத்தீர்கள்? டிரெஞ்ச் பிறவினை, செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது. ‘ஐ காட் டிரெஞ்ச்ட்’ அல்லது ‘ஐ வாஸ் டிரெஞ்ச்ட்’ என்று எழுதுங்கள்.

குற்றம் உங்களுடையது மட்டும் அல்ல. ‘ஒரு சொல், ஒரு பொருள்’ என்று அச்சடிக்கும் கையேடுகளைப் பல வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ‘டிரெஞ்ச் - நனை’ என்று இருக்கும். தமிழில் ‘நனை’ இரண்டு பக்கமும் போகும்: நனைந்தேன், நனைத்தேன். உடை, எரி, அணை எல்லாம் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘பிரேக்’, ‘பர்ன்’ இரண்டும் அதேபோல இரு பக்கமும் போவதால் பையன்கள் எல்லா வினையும் அப்படியே என்று நம்பிவிடுகிறார்கள். டிரெஞ்ச் போகாது. அகராதியில் பொருளோடு நிறுத்தாதீர்கள், செயப்படுபொருள் கேட்கும் வினையா என்றும் பாருங்கள்.

அரிசியை ஊறவைப்பதற்கு டிரெஞ்ச் போடலாமா?

கூடாது. அதற்கு ‘சோக்’. அரிசி ஊறினாலும் சோக், நீங்கள் ஊறவைத்தாலும் சோக்.

கால்நடைப் புத்தகம் ஒன்றில் ‘டிரெஞ்ச் த ஷீப்’ என்று இருக்கிறது. ஆட்டைக் குளிப்பாட்டச் சொல்கிறார்களா?

நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்கிறீர்கள். வாய்வழியாக மருந்து புகட்டச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்துப் பண்ணைகளில் குடற்புழு மருந்து கொடுப்பதை இப்படித்தான் சொல்வார்கள். மருந்து நீரில் முக்கி எடுப்பது ‘டிப்’. உண்மையில் டிரெஞ்ச்சின் மூத்த பொருளே புகட்டுவதுதான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது ‘டிரிங்க்’கின் பிறவினை: ஒன்று குடி, மற்றது குடிக்க வை. தொப்பலாக நனைப்பது பிறகு வந்து சேர்ந்தது. பார்த்தீர்களா, அப்போதே பிறவினைதான்.

‘டவுஸ்’ என்றால் என்ன?

எங்கே பார்த்தீர்கள்? வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? தண்ணீரையோ எண்ணெயையோ கொட்டி நனைப்பதும் டவுஸ்தான், தீயை அணைப்பதும் டவுஸ்தான். தீயணைப்புச் செய்தி என்றால் இரண்டாவது. பெட்ரோல் என்றால் முதலாவது. மாற்றிப் போட்டால் கதையே தலைகீழ்.

டிரெஞ்ச் வாயில் நுழையவில்லை. ‘ஐ வெட் மைசெல்ஃப்’ என்று எழுதலாமா? விடுப்புக் கடிதத்துக்கு.

ஐயோ, வேண்டாம்! ஆடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டேன் என்று படிப்பார்கள். ‘ஐ காட் வெட்’ போதும்.

வேர்வையில் நனைந்தால்?

‘டிரெஞ்ச்ட் இன் ஸ்வெட்’. தாராளமாக எழுதலாம்.

மழைக்குப் போடும் கோட்டுக்கு ஏன் டிரெஞ்ச் கோட் என்று பெயர்? நனையத்தானே விடாது?

அது வேறு சொல். தமிழில் எழுதும்போது ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். கோட்டில் இருக்கும் டிரெஞ்ச் (trench) என்றால் பதுங்குகுழி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் குழிகளில் போட்டுக்கொண்ட மழைக்கோட்டு. எழுத்துக்கூட்டலைப் பார்த்திருந்தால் ஒரு தபால்தலை மிச்சமாகியிருக்கும்.