லீஸ், லைசென்ஸ்: வாடகைப் பத்திரத்தில் இரண்டும் ஒன்றா?

பெங்களூரில் 'லீஸ்' என்றார்கள், மும்பைக்கு மாறி வந்ததும் வீட்டு ஒப்பந்தத்தில் 'லைசென்ஸ்' என்று இருக்கிறது, இரண்டும் ஒரே பொருள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றல்ல. லீஸ் என்பது குத்தகை. லைசென்ஸ் என்பது வெறும் அனுமதி.

செம்பூரில் நான் முதன்முதலாக வீடு பிடித்தபோது, பத்திரத் தலைப்பிலிருந்த 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்பதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியதும், "குடிபோவதற்கு எதற்குடா லீவும் லைசென்ஸும்?" என்றார் அப்பா. அங்கே லீவ் என்பது விடுமுறை அன்று. இசைவு என்னும் பழைய பொருளில் நிற்கிறது. (அலுவலகத்தில் எடுக்கும் லீவும் வராமலிருக்கப் பெறும் இசைவுதானே.)

இரண்டு சொற்களுக்கும் 1882ஆம் ஆண்டுச் சட்டங்களிலேயே தனித்தனி விளக்கம் உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, லீஸில் வீட்டை அனுபவிக்கும் பாத்தியதையே குறித்த காலத்துக்குக் கைமாறுகிறது. வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லும் லைசென்ஸில் எந்தப் பாத்தியதையும் கைமாறுவதில்லை. அனுமதி இல்லாதிருந்தால் அத்துமீறல் ஆகியிருக்கக்கூடிய செயல் முறையானதாகிறது, அவ்வளவே. சீட்டு வாங்கித் திரையரங்கில் அமர்பவருக்கு அந்த நாற்காலியின்மேல் உள்ள உரிமை அத்தகையது.

மும்பையில் இச்சொல் வேரூன்றியதற்குக் காரணம், வாடகையை ஏற்றவும் குடியிருப்பவரை எழுப்பவும் விடாத 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அதன் பிடியிலிருந்து நழுவவே உரிமையாளர்கள் 'லைசென்ஸ்' என்று எழுதத் தொடங்கினார்கள். 1973 பிப்ரவரி 1 அன்று அவ்வாறு குடியிருந்தவர்களுக்கு வாடகைதாரர் பாதுகாப்பை அரசு அளித்தது தனிக்கதை. இப்போது நடப்பிலுள்ள 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 11 மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். காலம் முடிந்தும் காலி செய்யாதவரை வெளியேற்ற விரைவான வழியும் அதிலேயே உண்டு.

பெயரை மட்டும் பார்த்து முடிவுகட்டிவிடாதீர்கள். டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தகத்துக்கு அளிக்கப்பட்ட அறைகள் பற்றிய வழக்கில், பத்திரம் தன்னை லைசென்ஸ் என்றே அழைத்துக்கொண்டும், அது லீஸ்தான் என்று 1959இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கூறியது. இடம் முழுமையாக யார் வசத்தில் இருக்கிறது, இரு தரப்பும் உண்மையில் எதை நோக்கினார்கள் என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

பெங்களூரில் நீங்கள் கேட்ட லீஸ், பெரும்பாலும் மொத்தத் தொகையைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடாக இருக்கும். நம் ஊரில் அதற்கு ஒத்தி என்று பெயர்.