ஜன்னலும் அட்டையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிவந்து நான்கு மாதமாகிறது. வெளியே பூஜ்ய டிகிரி. வீட்டுக்கார அம்மாளோ தினமும் மூன்று தடவை எல்லா ஜன்னலையும் விரியத் திறக்கச் சொல்கிறார். ஒப்பந்தத்திலும் அப்படியே இருக்கிறது. காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை எதற்காக வெளியே விடவேண்டும்? போதாக்குறைக்கு, நேற்று எங்கள் கதவில் 'கேர்வோகே' என்று ஓர் அட்டை தொங்குகிறது. வீடு மாறி மாட்டிவிட்டார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த அம்மாள் கவலைப்படுவது சுவரைப் பற்றி. 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்ய டிகிரிக் காற்றால் 5 கிராம்கூட முடியாது. சோறு கொதிப்பது, குளிப்பது, உள்ளே துணி காயப்போடுவது, இரவெல்லாம் விடும் மூச்சு என எல்லா ஈரமும் வீட்டுக்குள்தான் சுற்றுகிறது. அறையின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரில் நீர் கோக்கும். பூஞ்சைக்கு அவ்வளவுகூட வேண்டியதில்லை, 15 டிகிரிச் சுவரே போதும். அப்படிப் பிடித்தால், குற்றம் கட்டடத்தினுடையதா, ஜன்னல் திறக்காத உங்களுடையதா என்று வழக்கு தொடங்கும்.

காசுக் கணக்கு நீங்கள் பயப்படுவதுபோல் இல்லை. 60 சதுர மீட்டர் வீட்டின் காற்று முழுவதையும் பூஜ்யத்திலிருந்து 20 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் வெப்பம் போதும். வெப்பத்தின் பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் சாமான்களிலும் சேர்ந்திருக்கிறது; ஐந்து நிமிடத்தில் அது எங்கும் போய்விடாது.

முதலில் ஹீட்டர் திருகை நட்சத்திரக் குறிக்குத் திருப்புங்கள். திருப்பாவிட்டால், குளிர்காற்று பட்டதும் அது முழுவதும் திறந்துகொண்டு தெருவைச் சூடாக்கும். பிறகு எதிரெதிர் ஜன்னல்களையும் இடைக்கதவுகளையும் அகலத் திறந்து, ஐந்து நிமிடத்தில் மூடி, திருகை மறுபடி 3-இல் வையுங்கள். குளிர் குறைந்த வசந்தத்தில் பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். மழை பெய்தாலும் திறக்கலாம். அந்தக் குளிர்ந்த காற்று உள்ளே வந்து சூடானதும் வறண்டுவிடும்.

நம்மவர்கள் வழக்கமாகத் தவறுவது ஜன்னல் கைப்பிடியில். கிடைமட்டமாக வைத்தால் ஜன்னல் முழுதாகத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் தலைப்பகுதி மட்டும் சாயும். நாள் முழுக்க அப்படிச் சாய்த்து வைத்தால் காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர்தான் குளிரும், பூஞ்சையும் முதலில் அங்கேதான் வரும். குளியலறைச் சூடு படுக்கையறைக்கும் வரட்டுமே என்று கதவைத் திறந்து வைக்கும் சிக்கனமும் வேண்டாம். சூட்டோடு ஆவியும் போய்க் குளிர்ந்த சுவரில் படியும். வெளிச்சுவர் ஓர அலமாரியை ஐந்து, பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மலிவான ஈரப்பதமானி ஒன்று இருந்தால், வீட்டுக்கார அம்மாளிடம் வாதாடவும் உதவும்.

அட்டை சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியப் பகுதிக்கே உரிய வழக்கம் அது; குடியிருப்போர் வாரத்துக்கு ஒருவராக முறைவைத்துப் பெருக்குவது. இந்த வாரம் உங்கள் தளத்துப் படிக்கட்டு உங்கள் பொறுப்பு: கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, கைப்பிடிக் கம்பியையும் துடைக்க வேண்டும். படி பளிச்சென்று இருந்தாலும் துடைக்கத்தான் வேண்டும். அந்த நியாயத்தை அங்கே யாரிடமும் பேசிப் பயனில்லை. ஞாயிறு ஓய்வு நாள் என்பதால் சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். ஊரில் இல்லாத வாரம் என்றால் முன்கூட்டியே அண்டை வீட்டாரிடம் முறை மாற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டுங்கள். வீடு மாறி வந்தது என்று கழற்றி உள்ளே வைத்துவிட்டிருந்தால், இன்றே திரும்ப வெளியே தொங்கவிடுங்கள்.