எருமைத்தோல் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டுக்கு மேலே ஒரு சிற்றூரிலிருந்து வந்து சேலத்தில் முதுகலை படிக்கிறேன். விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். இரவு ஒரு மணிவரை விளக்கும் கைப்பேசிச் சத்தமும். வகுப்பில் பேராசிரியர் வேறு யாரையாவது திட்டினால்கூட அன்று எனக்குச் சோறு இறங்குவதில்லை. ‘எருமைத்தோல் இருந்தால்தான் இங்கே பிழைக்கலாம்’ என்கிறார்கள் நண்பர்கள். அதை எப்படி வளர்ப்பது?

ம., சேலம்

அன்புள்ள ம.,

வளர்க்க முடியாது, முயன்று மூன்று ஆண்டுகளை வீணடித்தவன் நான். அமெரிக்க உளவியலாளர்களான எலைன் ஆரனும் அவருடைய கணவர் ஆர்தர் ஆரனும் எதுவும் சட்டென உறைக்கும் உங்களைப் போன்றோரின் இயல்பைப் பற்றி 1997இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில், இதை நோயாகக் கருதாமல், புலன்வழி வருவதையெல்லாம் ஆழமாக உள்வாங்கும் பிறவிக்குணமாகவே விளக்கினார்கள். ஒலி, ஒளி, பிறர் முகக்குறிப்பு எல்லாம் உங்களுக்கு ஒரே கணக்கில் ஏறுகின்றன. பகலில் கேட்ட வசையைவிட இரவில் கெட்ட தூக்கமே மறுநாள் உங்களைச் சாய்க்கிறது என்பது என் கணிப்பு.

ஆகவே முதலில் அறையைக் கவனியுங்கள். விடுதிக் காப்பாளரிடம் ‘மனம் சரியில்லை’ என்றால் அறிவுரைதான் கிடைக்கும். ‘பதினொரு மணிக்குமேலும் விளக்கு எரிகிறது, கடைசி அறைக்கு மாற்றித் தாருங்கள்’ என்று எழுதிக்கொடுத்தால் அறை கிடைக்கவும் கூடும்.

வாரந்தோறும் ஊருக்கு ஓடிவிடாதீர்கள். படிக்கும் காலத்தில் நான் சனிக்கிழமைதோறும் மலைப்பேருந்தில் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்துபோய், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். ஞாயிறு மாலை இறங்கும்போது, சன்னல் காற்றில் சூடு ஏற ஏற, வளைவுக்கு வளைவு வயிறு இறுகும். ஆறு நாள் பட்டினி கிடந்து ஏழாம் நாள் விருந்துண்டால் உடம்பு தேறுமா? பிற்பாடு, வகுப்பு முடிந்ததும் கால்மணி நேரம் யாரோடும் சேராமல் வளாகத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். மலை செய்யாததை அது செய்தது. (மலைவாசிகளான நீங்கள் மன்னிக்க வேண்டும்.)

திட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று: சொல்லப்பட்டதை அப்படியே தாளில் எழுதிப் பாருங்கள். ‘இப்பகுதி போதாது’ என்று நெறியாளர் சிவப்பு மையில் எழுதியதை நான் ‘நீ போதாது’ என்றே வாசித்துக்கொண்டிருந்தேன்.

சோறு இறங்காதது எத்தனை நாளாக என்று நீங்கள் எழுதவில்லை. பசியும் உறக்கமும் படிப்பில் நாட்டமும் இரண்டு வாரங்களாக இல்லையென்றால் அதை இயல்பின் கணக்கில் எழுதாமல் மருத்துவரைப் பாருங்கள். தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் எந்நேரமும் பேசலாம். நாள் கணக்கை எனக்கும் எழுதுங்கள்.