லத்தீன் எண்களை எல்லா வேற்றுமையிலும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பெயர்ச்சொல்லுக்கே இந்தப் பாடு என்றால் நூறு வரை எண்களையும் வேற்றுமை போட்டுப் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று, இவை மட்டும்தான் படுத்தும். க்வத்துவோர் (நான்கு) தொடங்கி கெந்தும் (நூறு) வரை எந்தப் பால், எந்த வேற்றுமை வந்தாலும் சொல் அசையாது. இருபத்தொன்று மாதிரி வாலில் அந்த மூன்றில் ஒன்று தொங்கினால் அந்த வால் மட்டும் மாறும். அப்புறம் 200 முதல் 900 வரை மறுபடி பால் பார்க்க வேண்டும்.

ஊனுஸ், ஊனா, ஊனும் என்பதை நம் ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அங்கே மேசைகூடப் பெண்பால், அதனால் ஊனா மென்ஸா.

உண்மையான தலைவலி ஆயிரம்தான். மில்லே தனியாக வந்தால் சாது: மில்லே பஸ்ஸூஸ், ஆயிரம் காலடி. இரண்டாயிரம் ஆனதும் அது பெயர்ச்சொல்லாகிவிடும், எண்ணப்படும் பொருள் ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும்: துவோ மீலியா பஸ்ஸுவும், அதாவது 'காலடிகளின் இரண்டு ஆயிரங்கள்'. மைல் என்ற சொல்லே இந்த மீலியாவிலிருந்து வந்ததுதான். ரோமானியக் காலடி என்பது இரண்டு எட்டு, அதனால்தான் ஆயிரம் காலடியிலேயே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வந்துவிடுகிறது.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். லித்தெரா என்றால் எழுத்து, அதன் பன்மை லித்தெராய்க்குக் கடிதம் என்றும் பொருள். 'இரண்டு கடிதம் வந்தது' என்று எழுத நினைத்து துவாய் லித்தெராய் என்று எழுதிவிட்டேன், படித்தவர் "எந்த ரெண்டு எழுத்து?" என்று கேட்டார். இப்படிப் பன்மையிலேயே வாழும் சொற்களுக்கு 'இரண்டிரண்டாக' என்று பொருள்படும் வரிசையிலிருந்து எண்ணை எடுக்க வேண்டும்: பீனாய் லித்தெராய்.

எனக்குப் பிடித்தது 18, 19. துவோதேவிகிந்தி 'இருபதுக்கு இரண்டு குறைய', ஊன்தேவிகிந்தி 'ஒன்று குறைய'. இந்தியில் 19-க்கு உன்னீஸ் என்பதும் இதே கணக்குதான். ஆனால் பாடப்புத்தகத்தில் 18-ஐக் குறியாக எழுதும்போது பத்து, ஐந்து, மூன்று கோடு என்று கூட்டித்தான் போடுவார்கள், சொல்லுக்கும் குறிக்கும் சம்பந்தமே இருக்காது. கி.பி. 9-இல் ரோமத் தளபதி வாருஸ் ஜெர்மானியரிடம் தோற்ற போரில் இறந்த மார்குஸ் கைலியுஸ் என்ற நூற்றுவர் தலைவரின் (செஞ்சுரியன்) நினைவுக்கல் ஜெர்மனியில் பான் (Bonn) நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவருடைய 18-ஆம் படையணியின் எண்ணைப் பாருங்கள்: பெருக்கல் குறி மாதிரி ஒரு பத்து, இரண்டு கோடு, மறுபடி ஒரு பத்து. வாயில் சொன்னபடியே கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள்.