இந்து மாணவர் மன்ற வரலாறு: பழைய பதிவேடு இல்லையென்றால்

ஆண்டு மலருக்கு மன்ற வரலாறு எழுதச் சொல்லிவிட்டார்கள், 1983க்கு முந்தைய கூட்டக் குறிப்பு ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். சரி, வேறு வழிகள் இருக்கின்றன.

முதலில் 'நூலகம்' (noolaham.org) என்ற இலங்கைத் தமிழ் மின்னூலக இணையத்தளம். 2005இலிருந்து பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் என்று ஏராளமாக மின்வருடிப் போட்டிருக்கிறார்கள், உங்கள் கல்லூரிப் பெயரை மட்டும் தேடிவிட்டு விடாமல் கொழும்பின் மற்றக் கல்லூரிகளின் மலர்களையும் புரட்டுங்கள், பேச்சுப் போட்டி, பண்ணிசைப் போட்டி முடிவுகளில் உங்கள் மன்றத்தவர் பெயர் அகப்படலாம். அப்புறம் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடம். பழைய நாளிதழ்களை அங்கே பார்க்கலாம், வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. ஆண்டு முழுவதையும் புரட்டினால் களைத்துப்போவீர்கள், நவராத்திரியும் அது முடிந்த கிழமையும் போதும், கல்லூரியில் நடந்த வாணி விழாச் (சரஸ்வதி பூசை விழா) செய்தி வந்திருந்தால் அங்கேதான் இருக்கும்.

வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களிடம் குழுப்படம் கேளுங்கள். படத்தின் அடியில் ஆண்டு, தலைவர், செயலாளர், பொறுப்பாசிரியர் என்று அச்சிட்டிருந்தால் அதுவே ஆவணம்.

தொடக்க ஆண்டை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள், அச்சில் காணாமல் போடவேண்டாம். இன்னொன்று, விவேகானந்தர் 1897இல் கொழும்புக்கு வந்ததை வைத்து இரண்டு பக்கம் நிரப்பிவிடாதீர்கள், உங்கள் மன்றத்துக்கு அதனோடு நேரடித் தொடர்பு இருந்தாலொழிய.